கவுன்ட் ஏறிய பிறகு

ஸ்டெம்செல் மாற்று சிகிச்சை வார்டில் பொழுது விடிவதே ஓர் எண்ணோடுதான். “இன்னைக்கு கவுன்ட் எவ்வளவு சிஸ்டர்?” என்று நோயாளி கேட்பார். கண்ணாடிக் கதவுக்கு வெளியே நிற்கும் மனைவி கேட்பார். ஊரிலிருந்து போனில் சித்தப்பா கேட்பார். பள்ளிக்கூட வாசலை மிதிக்காத பாட்டிகளும் நியூட்ரோஃபில், பிளேட்லெட் என்று சரளமாகப் பேசப் பழகிவிடும் இடம் அது. நியூட்ரோஃபில் என்ற வெள்ளையணுவின் எண்ணிக்கை தொடர்ந்து 3 நாட்கள் 500-ஐத் தாண்டி நின்றால், செலுத்திய செல்கள் மஜ்ஜையில் வேர்விட்டுவிட்டன என்று அர்த்தம். அன்றைக்கு அந்தக் குடும்பத்துக்குத் தீபாவளி.

அதே நாள் சாயங்காலம் அந்த நோயாளி பாத்ரூமுக்குப் போகிறார். கட்டிலிலிருந்து ஏழெட்டு அடி தூரம். உட்கார்ந்துவிடுகிறார்; எழுந்திருக்க முடியவில்லை. தொடை நடுங்குகிறது. சுவரில் பதித்த கம்பியைப் பிடித்து, முன்னால் சாய்ந்து, இரண்டு தரம் சறுக்கி, எப்படியோ எழுகிறார். கட்டிலுக்குத் திரும்பும்போது மூச்சு வாங்குகிறது. இரண்டு மாதத்துக்கு முன்னால் வயலில் வரப்பேறி நடந்தவர், லேத் பட்டறையில் எட்டு மணி நேரம் நின்றவர், இரண்டு குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறியவர். இந்த வீழ்ச்சி எந்த ரத்தப் பரிசோதனை அறிக்கையிலும் வராது. யாரும் கேட்காததால் அவரும் சொல்வதில்லை.

மாற்று சிகிச்சை ரத்தத்தைத் திருப்பித் தருகிறது. படியேறுவதையும், தரையில் உட்கார்ந்து எழுவதையும், வேலைக்குப் போய்வருவதையும் அது தானாகத் திருப்பித் தருவதில்லை. அதற்கென்று தனியாக ஒரு சிகிச்சை இருக்கிறது. உடற்பயிற்சிதான் அது. மருந்தைப்போல் அளவு எழுதி, ஆள் கூட இருந்து, மாற்று சிகிச்சைக்கு முன்பே தொடங்கிக் கொடுக்க வேண்டிய சிகிச்சை. டிஸ்சார்ஜ் நாளில் “வீட்டுக்குப் போய் கொஞ்சம் நடங்க” என்று சொல்வதை அந்தக் கணக்கில் சேர்க்க முடியாது.

இந்தக் கேள்வி இன்று முக்கியமாகிவிட்டதற்குக் காரணம், பிழைப்பவர்களின் எண்ணிக்கை. அமெரிக்க மருத்துவர் டோனால் தாமஸ் 1957-ல் தன் முதல் மஜ்ஜைச் செலுத்துதல்களைப் பற்றி எழுதியபோது, அந்த நோயாளிகளில் ஒருவர்கூட 100 நாட்களைக் கடந்து வாழவில்லை. மனம் தளராமல் தொடர்ந்தவருக்கு, சிறுநீரக மாற்றின் முன்னோடியான ஜோசப் மரேயுடன் சேர்த்து 1990-ல் நோபல் பரிசு கிடைத்தது. இந்தியாவில் மும்பை டாடா மெமோரியல் மருத்துவமனை 1983-லும், வேலூர் சி.எம்.சி. 1986-லும் இந்தச் சிகிச்சையைத் தொடங்கின. 2012 முடிவதற்குள் உலகம் முழுக்க 10 லட்சம் மாற்று சிகிச்சைகள் நடந்து முடிந்திருந்தன. வேறொருவரிடமிருந்து செல் பெற்று, 2 ஆண்டுகள் நோய் திரும்பாமல் இருந்த பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்களைத் தொடர்ந்து கவனித்த ஆய்வு 2011-ல் வெளியானது. அவர்களில் சுமார் 85 சதவிகிதம் பேர் மாற்று நடந்து 10 ஆண்டுகளுக்குப் பிறகும் உயிரோடு இருப்பார்கள் என்றது அது. உயிர் தங்குமா என்ற பயத்தோடு வார்டுக்குள் போனவர்களுக்கு முன்னால் இப்போது ஒரு நீண்ட வாழ்க்கை கிடக்கிறது. அதை எப்படி வாழப்போகிறார்கள்?

தசை எங்கே போகிறது?

இந்தச் சிகிச்சையில் இரண்டு வகை. நோயாளியின் சொந்தச் செல்லையே எடுத்து வைத்திருந்து, உச்ச அளவு கீமோவுக்குப் பிறகு திரும்பச் செலுத்துவது ஒன்று. மல்டிபிள் மைலோமா என்ற ரத்தப் புற்றுநோய் உள்ளவர்களுக்குப் பெரும்பாலும் இதுதான். அண்ணன், தங்கை போன்ற உறவுகளிடமிருந்தோ, முன்பின் தெரியாத கொடையாளியிடமிருந்தோ செல் வாங்கிச் செலுத்துவது இன்னொன்று. லுக்கீமியா, தலசீமியா, ஏப்ளாஸ்டிக் அனீமியா போன்றவற்றுக்கு இது. இரண்டாவது வகையில் வார்டு வாசமும் அதிகம், பின்விளைவுகளும் அதிகம்.

எந்த வகையானாலும் உடல் ஒரே நேரத்தில் நாலா பக்கமும் அடி வாங்குகிறது. பழைய மஜ்ஜையை அழிக்கும் கீமோ, வாயிலிருந்து குடல் வரை உள்தோலையும் உரித்துவிடுகிறது. எச்சில் விழுங்கவே முடியாத நாட்களில் சோறு எப்படி இறங்கும்? புரதம் வராத உடம்பு தன் தசையையே கரைத்துச் செலவழிக்கிறது. ஹீமோகுளோபின் இறங்குவதால் இருக்கும் தசைக்கும் ஆக்சிஜன் போதவில்லை. இதற்கு மேல் கிருமி வடிகட்டிய அறை. நாளில் இருபது மணி நேரத்துக்கும் மேல் கட்டில்.

படுத்தே கிடப்பது மட்டும் என்ன செய்யும் என்று தனியாகவே பார்த்திருக்கிறார்கள். 60 வயதைத் தாண்டிய, எந்த நோயும் இல்லாத சிலரை 10 நாட்கள் கட்டிலிலேயே இருக்கவைத்துப் பரிசோதித்த அமெரிக்க ஆய்வு 2007-ல் வெளியானது. பத்தே நாளில் அவர்களின் கால்களிலிருந்து மட்டும் ஏறக்குறைய 1 கிலோ தசை காணாமல் போயிருந்தது. கீமோ இல்லை, காய்ச்சல் இல்லை, பட்டினி இல்லை, வெறும் படுக்கை. மாற்று சிகிச்சை நோயாளி மூன்று, நான்கு வாரங்கள் படுத்திருக்கிறார், இவை அத்தனையும் சேர்ந்திருக்க.

வேறொருவரின் செல்லைப் பெற்றவர்களுக்கு இன்னொரு கண்டமும் உண்டு. புதிதாக வந்த நோய் எதிர்ப்பு செல்கள், குடியேறிய உடம்பையே அந்நியம் என்று நினைத்துத் தாக்குவதை ஜி.வி.எச்.டி. என்பார்கள். தோல், குடல், கல்லீரலில் அது கிளம்பினால் முதல் மருந்து ஸ்டீராய்டு, அதுவும் உடல் எடையில் கிலோவுக்கு 1 முதல் 2 மில்லிகிராம் என்ற பெரிய அளவில். உயிரைக் காக்கும் மருந்துதான். ஆனால், இடுப்பையும் தொடையையும் சுற்றியுள்ள பெரிய தசைகளைத் தேடிப்போய்த் தின்னும். முகம் உப்பி, வயிறு பெருத்து, தொடை மட்டும் சூம்பிப்போகும். பார்ப்பவர்கள் “பரவாயில்லையே, சதை போட்டிருச்சே” என்று சந்தோஷப்படுவார்கள்.

நம் ஊர் வாழ்க்கை முழுக்க அந்தத் தொடைத் தசையின் மேல்தான் நிற்கிறது. குந்தி உட்காரும் கழிப்பறை, சம்மணமிட்டுச் சாப்பிடும் தரை, உயரமான பஸ் படிக்கட்டு, மாடியில் துணி உலர்த்தும் கொடி. மேஜையும் நாற்காலியுமாக வாழும் ஊரில் ஒருவருக்கு ஆறு மாதம் கழித்துத் தெரியவரும் பலவீனம், இங்கே முதல் நாள் காலையிலேயே தெரிந்துவிடும். குந்தினால் எழ முடியாத மனிதன் தண்ணீர் குடிப்பதைக் குறைக்கிறான், சாப்பாட்டைக் குறைக்கிறான், வெளியே போவதைக் குறைக்கிறான். வாழ்க்கைத்தரம் என்று மருத்துவ இதழ்களில் எழுதப்படுவது நம் வீடுகளில் இப்படித்தான் ஒவ்வொன்றாகக் கழன்று போகிறது.

கூடவே அசதி. உழைத்த களைப்பு தூங்கி எழுந்தால் போய்விடும். இந்த அசதி தூங்கி எழுந்தாலும் அப்படியே உட்கார்ந்திருக்கும். ரிப்போர்ட் எல்லாம் சுத்தமாக வந்த பிறகும் மாதக்கணக்கில், சிலருக்கு வருடக்கணக்கில் நீடிக்கும். ஹீமோகுளோபின் 12 இருக்கிறது, தைராய்டு சரியாக இருக்கிறது, அப்புறம் ஏன் எழுந்திருக்க மாட்டேன் என்கிறார் என்று குடும்பம் குழம்பும். சோம்பல் என்று பெயர் சூட்டப்பட்டு மனம் நொந்தவர்கள் ஏராளம். ஓய்வு எடுக்க எடுக்க இந்த அசதி கூடுகிறது. ஓய்வில் தசை கரைகிறது. கரைந்த தசைக்குச் சின்ன வேலையும் பெரிய வேலையாகிறது. அதனால் மேலும் படுக்கத் தோன்றுகிறது. இந்தச் சுற்றை உடைக்க இன்றுவரை கிடைத்துள்ள உருப்படியான வழிகளில் முதலில் நிற்பது அளவான உடற்பயிற்சி.

ஃப்ரைபர்க் மருத்துவரின் டிரெட்மில்

இதைத் துணிந்து சோதித்தவர்களில் ஒருவர், ஜெர்மனியின் ஃப்ரைபர்க் நகரில் பணியாற்றிய மருத்துவர் ஃபெர்னாண்டோ டிமேயோ. சொந்த செல் மாற்று முடித்து வந்த 32 பேரை எடுத்துக்கொண்டார். 16 பேர் வழக்கம்போல் ஓய்வெடுத்தார்கள். மற்ற 16 பேர் வார நாட்களில் தினமும் டிரெட்மில்லில் நடந்தார்கள். அவர் நடக்கவைத்த விதம் அழகானது. முதல் வாரம் 3 நிமிட நடை, 3 நிமிட ஓய்வு. இப்படி ஐந்து தடவை. அடுத்த வாரம் 5 நிமிட நடை நான்கு தடவை. பிறகு 8 நிமிடம் மூன்று தடவை. இப்படிக் கொஞ்சம் கொஞ்சமாக நடையைக் கூட்டி, ஆறாவது வாரம் நிற்காமல் அரை மணி நேரம். கடைசியில் கணக்குப் பார்த்தபோது, ஓய்வெடுத்த 16 பேரில் 4 பேர் களைப்பால் அன்றாட வேலைகள் முடங்குவதாகச் சொன்னார்கள். நடந்தவர்களில் ஒருவர்கூட அப்படிச் சொல்லவில்லை. அவர்களின் ஹீமோகுளோபினும் கூடுதலாக இருந்தது.

அந்த ஆய்வு வெளியான 1997-லேயே அவருடைய குழு இன்னொரு படி மேலே போனது. ரத்த அணுக்கள் அடிமட்டத்தில் கிடக்கும் அந்த வார்டு நாட்களிலேயே, படுத்தபடி மிதிக்கும் சைக்கிளைக் கட்டிலோடு பொருத்தி, தினமும் அரை மணி நேரம், நிமிடத்துக்கு நிமிடம் விட்டுவிட்டு மிதிக்கவைத்தார்கள். மிதித்தவர்கள் 33 பேர், மிதிக்காதவர்கள் 37 பேர். மிதிக்காதவர்களின் உடல்திறன் இழப்பு 27 சதவிகிதம் அதிகமாக இருந்தது. மிதித்தவர்களுக்கு வலியும் வயிற்றுப்போக்கின் கடுமையும் குறைந்தன. வெள்ளையணு தாழ்ந்திருந்த நாட்களும் வார்டில் இருந்த நாட்களும்கூடக் குறைந்தன. ‘இந்த நிலையில் அசைந்தால் ஆபத்து’ என்று மருத்துவ உலகமே நம்பிய நேரத்தில், கட்டிலில் படுத்தபடி மிதித்த அந்த 33 பேர் மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு. வாய் முழுக்கப் புண்ணோடு பெடல் மிதிப்பது சாதாரணக் காரியம் இல்லை.

டிமேயோவின் ஆய்வுகள் சிறியவை. அந்த வழியில் அடுத்து பெரிய அடி எடுத்து வைத்தவர், ஹைடல்பெர்க்கைச் சேர்ந்த யோவாகிம் விஸ்கெமான். அவர் எடுத்துக்கொண்டது கடினமான கூட்டம்: பிறர் செல் பெற்ற 105 பேர். அட்மிஷனுக்கு முன்பே வீட்டில் பயிற்சி தொடங்கியது, வார்டுக்குள் தொடர்ந்தது, டிஸ்சார்ஜுக்குப் பிறகும் ஆறு, எட்டு வாரங்கள் நீடித்தது. நடை, சைக்கிள், ரப்பர் பட்டையை இழுக்கும் தசைப் பயிற்சி. மறுதரப்பினரையும் அவர் அம்போவென்று விட்டுவிடவில்லை. அவர்களுக்கும் அடிகளை எண்ணும் கருவி கொடுத்து, அதே அளவுக்கு விசாரிக்கவும் செய்தார், ‘விசாரிப்பின் பலன்தான் இது’ என்று யாரும் சொல்லிவிடக் கூடாது என்பதற்காக. 2011-ல் முடிவு வந்தது. பயிற்சி செய்தவர்களின் அசதி 15 சதவிகிதம் குறைந்திருந்தது. செய்யாதவர்களின் அசதி 28 சதவிகிதம் கூடியிருந்தது.

இதோடு நிறுத்திவிட்டால் கதை இனிப்பாக இருக்கும். ஆனால், 2014-ல் அமெரிக்காவிலிருந்து இன்னொரு முடிவு வந்தது. 21 மருத்துவமனைகள், 711 நோயாளிகள். இந்தத் துறையில் அதற்கு முன் நடந்த எதையும்விடப் பெரிய ஆய்வு. நோயாளிகளுக்கு மாற்று சிகிச்சைக்கு முன்பு உடற்பயிற்சி பற்றி விளக்கி, வீடியோவும் கையேடும் கொடுத்து, நீங்களே செய்துகொள்ளுங்கள் என்று விட்டார்கள். நூறாவது நாளில் பார்த்தால், பயிற்சி சொல்லப்பட்டவர்களுக்கும் சொல்லப்படாதவர்களுக்கும் வாழ்க்கைத்தரத்தில் எந்த வித்தியாசமும் இல்லை.

சிலர் இதை எடுத்துக்காட்டி, உடற்பயிற்சியால் பயனில்லை என்றார்கள். நான் அப்படிப் படிக்கவில்லை. ஆள் கூட இருந்து, அளந்து, வாரா வாரம் கூட்டிய இடங்களில் பலன் தெரிந்தது. கையேட்டைக் கொடுத்து அனுப்பிய இடத்தில் தெரியவில்லை. வாந்தியும் காய்ச்சலுமாகக் கிடப்பவரிடம் புத்தகம் கொடுத்து, நீயே செய்துகொள் என்றால் எப்படிச் செய்வார்? மாத்திரையை அப்படிக் கொடுக்கிறோமா? நர்ஸ் வந்து, வாயில் போட்டு விழுங்கும் வரை நின்று பார்த்துவிட்டு, சார்ட்டில் டிக் அடிக்கிறார். பயிற்சிக்கும் அந்த மாதிரி ஒருவர் வேண்டும்.

இன்னொன்றையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். உடற்பயிற்சி ஆயுளைக் கூட்டும் என்பதற்கு இன்னும் உறுதியான சான்று கிடையாது. நோய் திரும்புவதை அது தடுக்கும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். அது தருவது வேறு: பிழைத்த நாட்களை வாழத் தகுந்த நாட்களாக்குவது.

நாற்காலி, நடைபாதை, நோட்டு

நல்ல பிசியோதெரபிஸ்ட் அட்மிஷனுக்கு முன்பே நோயாளியைப் பார்ப்பார். முதல் கருவி ஒரு சாதாரண நாற்காலி. கைப்பிடி இல்லாதது, உட்காரும் பலகை தரையிலிருந்து சுமார் 43 செ.மீ. உயரம். நோயாளி கைகளைக் குறுக்காக நெஞ்சில் கட்டிக்கொள்ள வேண்டும். ஸ்டாப்வாட்சில் 30 விநாடி. முழுதாக எழுந்து நின்று, முழுதாக உட்கார வேண்டும். எத்தனை முறை என்பதுதான் கணக்கு. 60 வயதைத் தொட்ட ஆரோக்கியமான ஆண் குறைந்தது 14 முறை எழுவார், பெண் 12 முறை. சிகிச்சைக்கு முன்பு 15 முறை எழுந்தவர் டிஸ்சார்ஜ் அன்று 6 முறைதான் எழுந்தார் என்றால், அவர் இழந்தது எவ்வளவு என்பது அவருக்கும் குடும்பத்துக்கும் ஒரே நிமிடத்தில் புரிந்துவிடும். அதே எண்தான் பின்னால் நம்பிக்கையையும் தரும். 6 என்பது 8 ஆகிற வாரம், கவுன்ட் ஏறிய நாளுக்குக் குறைந்ததில்லை.

இரண்டாவது, ஆறு நிமிட நடை. 30 மீட்டர் நீளமுள்ள சமதளமான நடைபாதை, இரண்டு முனையிலும் அடையாளம். ஆறு நிமிடத்தில் எத்தனை மீட்டர் என்று குறித்துக்கொள்வார்கள். மூச்சு வாங்கினால் நிற்கலாம், சுவரில் சாயலாம். கடிகாரம் மட்டும் ஓடிக்கொண்டிருக்கும். விரலில் ஆக்சிஜன் பார்க்கும் கிளிப். இது இதயம், நுரையீரல், கால் மூன்றும் சேர்ந்து எழுதும் பரீட்சை.

வார்டுக்குள் ஒவ்வொரு நாள் காலையும் பயிற்சியின் அளவைத் தீர்மானிப்பது அன்றைய ரத்த அறிக்கை. மருத்துவமனைக்கு மருத்துவமனை எல்லைகள் கொஞ்சம் மாறும். பொதுவாக, ரத்தக் கசிவைத் தடுக்கும் பிளேட்லெட் 50,000-க்கு மேல் இருந்தால் எடையோ ரப்பர் பட்டையோ வைத்து தசைப் பயிற்சி செய்யலாம். 20,000-க்குக் கீழே போனால் கை கால் மடக்கி நீட்டுதல், மெதுநடை என்ற அளவோடு நிறுத்திக்கொள்வார்கள். 10,000-க்கும் கீழே என்றால் மருத்துவர் சொல்வதைத் தாண்டி எதுவும் கிடையாது. மூச்சை அடக்கித் திணறித் தூக்குவது அந்த நாட்களில் கூடவே கூடாது. காய்ச்சல் 38 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் அன்றைக்கு லீவு. ஹீமோகுளோபின் 8-க்குக் கீழே இறங்கினால் வேகம் குறையும். மைலோமா நோயாளிகளுக்கு எலும்பு அரித்துப்போயிருக்கும் என்பதால் முதுகைத் திருகுவதும் குனிந்து பாரம் தூக்குவதும் தடை. நெஞ்சில் ஹிக்மேன் லைன் என்ற மருந்தேற்றும் குழாய் இருப்பவர் தோளை எவ்வளவு உயர்த்தலாம் என்பதை முதலிலேயே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஒன்றுமே முடியாத நாளும் வரும். அன்றைக்குக் கட்டிலில் படுக்காமல் நாற்காலியில் உட்கார்ந்து சாப்பிட்டாலே அது பயிற்சிதான். பல் துலக்கும்போது பேசினுக்கு முன்னால் நின்றால் அது இன்னும் கொஞ்சம் பயிற்சி. கணுக்காலை ஆட்டுவது, தொடையை இறுக்கி விடுவது, ஆழ்ந்து மூச்சிழுத்து விடுவது எல்லாமே கணக்கில் சேரும். தலைமாட்டில் ஒரு சின்ன நோட்டு வைத்து, செய்ததை எழுதுவது பலருக்கு உதவுகிறது. மற்றவர்கள் தனக்குச் செய்ததையே பார்த்துக்கொண்டிருந்தவர், தனக்குத் தானே செய்த ஒன்றையும் அதில் பார்க்கிறார்.

டிஸ்சார்ஜுக்கு அப்புறம்

பிறர் செல் பெற்றவர்களை முதல் 100 நாட்கள் மருத்துவமனைக்குப் பக்கத்திலேயே தங்கச் சொல்வது வழக்கம். வேலூரில் சி.எம்.சி.யைச் சுற்றியுள்ள தெருக்களுக்குப் போனால், தமிழோடு வங்க எழுத்திலும் பெயர்ப்பலகை மாட்டிய லாட்ஜுகளைப் பார்க்கலாம். மேற்கு வங்கத்திலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் வங்கதேசத்திலிருந்தும் வருகிறவர்கள் மாதக்கணக்கில் தங்குமிடங்கள். ஒரு அறை, ஒரு அடுப்பு, செங்குத்தான படி. இந்தச் சின்ன அறைக்குள் நோயாளியை எப்படி நடக்கவைப்பது?

முடியும். வராண்டா இருந்தால் அதுவே நடைபாதை. இல்லையென்றால் கூட்டம் வருவதற்கு முன் மொட்டைமாடி. மாஸ்க் போட்டு, காலை 6 மணிக்கு அல்லது பொழுது சாய்ந்த பிறகு. வேலூர் வெயிலைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. களைப்பை விடுங்கள், வெயில் பட்டால் தோல் ஜி.வி.எச்.டி. கிளறிக்கொள்ளும் ஆபத்தும் இருக்கிறது. வீடு கட்டும் இடம், மண் தோண்டும் இடம், குப்பை உரம் கொட்டும் இடம் பக்கமே போகக் கூடாது. அந்தத் தூசியில் பூஞ்சை வித்துகள் இருக்கும். செடி நட மண்ணைக் கிளறும் ஆசையையும் கொஞ்ச காலம் ஒத்திப்போட வேண்டும். கீமோவால் பாதம் மரத்துப்போனவர்கள் வெறுங்காலோடு நடக்கக் கூடாது. முள் குத்தினாலும் தெரியாது.

அளவு என்ன? புற்றுநோய் சிகிச்சை முடித்தவர்களின் அசதிக்கு அமெரிக்க விளையாட்டு மருத்துவக் கல்லூரி 2019-ல் வெளியிட்ட பரிந்துரை: வாரத்துக்கு மூன்று நாள் அரை மணி நேர நடை அல்லது சைக்கிள், இரண்டு நாள் தசைப் பயிற்சி, குறைந்தது 12 வாரம். நடக்கும்போது பக்கத்தில் வருபவரோடு பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. அந்த வேகம் போதும். எடுத்த எடுப்பில் அரை மணி நேரம் என்று பயப்பட வேண்டாம். டிமேயோவே மூன்று நிமிடத்தில்தான் தொடங்கினார்.

நடை மட்டும் போதாது. நம்மவர்களுக்கு உடற்பயிற்சி என்றால் வாக்கிங் என்று முடிந்துவிடுகிறது. ஸ்டீராய்டு தின்ற தொடைக்கு நாற்காலியில் எழுந்து உட்காரும் பயிற்சியும், ஒற்றைப் படி ஏறி இறங்குவதும், ரப்பர் பட்டையும்தான் மருந்து. கூடவே புரதம்: நன்றாக வெந்த முட்டை, பருப்பு, சுண்டல், மருத்துவர் அனுமதித்தால் மீனும் கோழியும்.

சில அறிகுறிகளை ‘ஸ்டாமினா இல்லை’ என்று ஒதுக்கக் கூடாது. போன மாதம் சிரமமில்லாமல் ஏறிய மாடிப்படியில் இந்த மாதம் மூச்சு வாங்குகிறதென்றால், நுரையீரலின் சின்னக் குழாய்களை ஜி.வி.எச்.டி. அடைக்கத் தொடங்கியிருக்கலாம், ஊதிப் பார்க்கும் நுரையீரல் பரிசோதனை உடனே வேண்டும். நடக்கும்போது தொடை இடுக்கில் வலி வந்து நிற்காமல் தொடர்ந்தால், ஸ்டீராய்டால் இடுப்பு மூட்டின் பந்துக்கு ரத்தம் போகாமல் நொறுங்கத் தொடங்கியிருக்கலாம், எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்க்கும் வரை அந்தக் காலில் பாரம் கூடாது. இன்னொரு சோதனையை வீட்டிலேயே தினமும் செய்யலாம். இரண்டு கைகளையும் நெஞ்சுக்கு நேராகக் கூப்பி, முழங்கையை உயர்த்திப் பாருங்கள். உள்ளங்கைகள் முன்போல் முழுதாக ஒட்டாமல் நடுவில் இடைவெளி விழ ஆரம்பித்தால், தோலுக்கு அடியிலுள்ள சவ்வு இறுகுகிறது என்று அர்த்தம். கூப்பிய கையைப் படம் பார்த்து ஒப்பிட்டு மதிப்பெண் போடும் அளவுகோலே மருத்துவர்களிடம் இருக்கிறது. சீக்கிரம் கண்டுபிடித்தால் மருந்தாலும் நீட்டும் பயிற்சியாலும் கையைக் காப்பாற்றலாம்.

இனி வீட்டுக்குள் வருவோம். நம் குடும்பங்களில் அன்பு காட்டும் முதல் வழி ‘நீ அசையாதே’ என்பதுதான். தண்ணீர் டம்ளர் கைக்கு வரும், சாப்பாடு வாய்க்கு வரும், குளிக்க வெந்நீர் தயாராக இருக்கும். பிள்ளையைச் சாவின் வாசலிலிருந்து மீட்டுக் கொண்டுவந்த தாய் வேறு எப்படி இருப்பாள்? அந்த அன்பைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால், மருத்துவமனை அந்தத் தாயிடம் பேசியாக வேண்டும். ‘அம்மா, டம்ளரை நாலடி தள்ளி வைங்க. அவரே எழுந்து வந்து எடுக்கட்டும். அதுவும் நீங்க கொடுக்கிற மருந்துதான்’ என்று சொன்னால் புரிந்துகொள்ளாத தாய் கிடையாது. அதைச் சொல்ல ஆள் இல்லை என்பதுதான் பிரச்னை.

பெண் நோயாளியின் கதை வேறு. மாற்று சிகிச்சை முடித்த ஆணுக்கு ஒரு வருட ஓய்வு கிடைக்கிறது. பெண்ணுக்குப் பல வீடுகளில் ஓரிரு மாதத்திலேயே அடுப்படி திரும்பிவிடுகிறது. ‘வீட்டு வேலையே உடற்பயிற்சிதானே’ என்ற பேச்சை ஏற்கவே முடியாது. ஒரே இடத்தில் நின்று, புகையிலும் சூட்டிலும், முடியும் நாளிலும் முடியாத நாளிலும் ஒரே அளவு செய்தாக வேண்டிய வேலை அது. பயிற்சி என்றால் அவள் உடம்பைப் பார்த்துக் கூட்டவும் குறைக்கவும் வேண்டும், நடுவில் ஓய்வு வேண்டும், அந்த அரை மணி நேரம் அவளுக்கே சொந்தமாக வேண்டும்.

குழந்தைகளைத் தனியாகச் சொல்ல வேண்டும். தலசீமியா குழந்தைகள் மாற்று சிகிச்சைக்கு வருவதற்கு முன்பே ஆண்டுக்கணக்கில் ரத்தம் ஏற்றியதில் இதயத்திலும் கல்லீரலிலும் இரும்பு படிந்து, எலும்பும் மெலிந்திருக்கும். மாற்று சிகிச்சை வெற்றி பெற்றால், வாழ்க்கையில் முதல் முறையாக ரத்தம் ஏற்றாமல் ஓடத் தெம்புள்ள உடம்பு கிடைக்கிறது. அந்த நேரம் பார்த்து ‘ஓடாதே, விழுந்துடுவே’ என்று போனைக் கையில் கொடுத்து மூலையில் உட்காரவைக்கிறோம். வளரும் எலும்புக்குக் குதிப்பும் ஓட்டமும் வேண்டும். மண்ணீரல் வீங்கியிருக்கிறதா, பிளேட்லெட் எவ்வளவு, இதய எக்கோ என்ன சொல்கிறது என்று மருத்துவரிடம் கேட்டு, இன்னின்ன விளையாட்டு கூடும், இன்னின்னது கூடாது என்று பட்டியல் வாங்கிக்கொள்ளலாம். பள்ளி பி.டி. ஆசிரியருக்கும் ஒரு பிரதி கொடுத்துவிட்டால், அந்தக் குழந்தை மைதான ஓரத்தில் நிரந்தரமாக உட்காரவைக்கப்படாது.

சாதனையாளர்களும் இருக்கிறார்கள். இங்கிலாந்துக் கால்பந்து வீரர் ஜெஃப் தாமஸ், 1990 எஃப்.ஏ. கோப்பை இறுதியில் கிரிஸ்டல் பேலஸ் அணியின் கேப்டன். 2003-ல் லுக்கீமியா வந்தது. சகோதரியின் செல்லால் பிழைத்தார். 2005-ல் டூர் டி பிரான்ஸ் சைக்கிள் பந்தயப் பாதையை, 21 கட்டங்களையும் 21 நாட்களில் ஓட்டி முடித்து, ரத்தப் புற்றுநோய் ஆராய்ச்சிக்கு நிதி திரட்டினார். 1978-ல் இங்கிலாந்தின் போர்ட்ஸ்மவுத்தில் தொடங்கிய உறுப்பு மாற்றாளர் உலக விளையாட்டுப் போட்டிகளில் இன்று மஜ்ஜை மாற்று பெற்றவர்களும் ஓடுகிறார்கள், நீந்துகிறார்கள். இவர்களைப் படித்து உற்சாகம் கொள்ளலாம். ஆனால், அசதியில் கிடப்பவரிடம் ‘அவரைப் பார், உனக்கு மனசு இல்லை’ என்று நீட்டுவதற்கான உதாரணங்கள் அல்ல இவை. ஜி.வி.எச்.டி. ஒருவருக்குத் தொட்டுப் போகும், இன்னொருவரை வருடக்கணக்கில் பிடித்து உலுக்கும். ஒருவரின் சைக்கிள் பயணத்துக்கும் இன்னொருவர் தனியாகக் குளித்து முடிப்பதற்கும் பின்னால் இருக்கும் உழைப்பு ஒன்றாகவே இருக்கலாம்.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் தமிழ்நாட்டு ஏழைக் குடும்பங்களுக்கு மஜ்ஜை மாற்று கிடைக்கிறது. தலசீமியா குழந்தைகளுக்கு மத்திய அரசும் கோல் இந்தியா நிறுவனமும் சேர்ந்து 10 லட்சம் ரூபாய் வரை தரும் திட்டம் 2017-லிருந்து இருக்கிறது. இவ்வளவு பணம் போட்டு ஓர் உயிரை மீட்கும்போது, அதில் ஒரு சிறு பங்கு பிசியோதெரபிஸ்டுக்கும் போக வேண்டும்: அட்மிஷனுக்கு முன் ஒரு முறை, வார்டில் வாரம் ஐந்து நாள், டிஸ்சார்ஜுக்குப் பிறகு மூன்று மாதம் ஓ.பி.யிலோ போனிலோ. மாற்று சிகிச்சை செய்யும் ஒவ்வொரு மையத்திலும் இதற்கென்றே ஒருவர் முழுநேரமாக இருக்க வேண்டும். ரப்பர் பட்டைக்கும் நாற்காலிக்கும் ஆகும் செலவு, ஒரு நாள் ஆன்டிபயாடிக் செலவுகூட இருக்காது.

அதுவரை நோயாளியின் குடும்பம் கேட்டு வாங்க வேண்டியதுதான். அட்மிஷன் நாளிலேயே கேளுங்கள்: நாற்காலிச் சோதனையில் இவர் எத்தனை, ஆறு நிமிடத்தில் எத்தனை மீட்டர் என்று எழுதிக் கொடுங்கள். இவருக்கு பிசியோ யார்? பிளேட்லெட் எவ்வளவு இருந்தால் எது செய்யலாம் என்று ஒரு தாளில் எழுதித் தருவீர்களா? ஸ்டீராய்டு தொடங்கினால் தொடைக்கு என்ன பயிற்சி? டிஸ்சார்ஜ் சம்மரியில் பத்துப் பன்னிரண்டு மாத்திரைகளின் பெயரும் வேளையும் வரிசையாக அச்சாகி வரும். அதற்குக் கீழே ஒரு வரியும் வேண்டும்: என்ன பயிற்சி, எத்தனை நிமிடம், வாரத்தில் எத்தனை நாள், சந்தேகம் வந்தால் அழைக்க வேண்டிய பிசியோவின் எண், அடுத்த அளவீட்டுத் தேதி. அந்த வரி இல்லாத சம்மரியை அப்படியே மடித்துப் பையில் வைக்காமல், கவுன்டரிலேயே நின்று எழுதி வாங்குங்கள்.